விளையாடுவதற்கே விளையாட்டு

1983ஆம் ஆண்டு ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்னும் வீடியோ கேம் கருவியை வெளியிட்டது. அன்று சிறுவர் கைகளில் தவழ்ந்த கேசட்டுகள் இன்று சேகரிப்போரின் செல்வமாகிவிட்டன. 2021ஆம் ஆண்டு அமெரிக்க ஏலமொன்றில் அந்நிறுவனத்தின் 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒன்று, உறை பிரிக்கப்படாத நிலையில், 15 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. பிரித்தால் மதிப்புக் குன்றும். ஆதலின் அதனை எவரும் விளையாடப் போவதில்லை. வாசியாத ஏட்டைப் பட்டில் பொதிந்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ கேம்களுள் நூற்றுக்கு 87 இன்று கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை என 2023ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆகவே, பழைய கேசட்டுகளே அவற்றுட் பலவற்றின் உயிர்நிலை.

அவற்றைப் போற்றப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பெட்டியும் கையேடும் இல்லாத தனிக் கேசட்டை வாங்கினால் விலை பெரிதும் குறையும். ஆட்டத்தின் சுவை சிறிதும் குறையாது. ஆட்ட நிலையைச் சேமிக்கச் சில கேசட்டுகளுள் சிறு பேட்டரி உண்டு. பயன்படுத்துவோர் அது தீர்ந்ததை அறிந்து மாற்றுவர். முத்திரையிட்ட பெட்டிக்குள்ளோ அது எவரும் அறியாமலே தீர்ந்துபோகும்.

கேசட்டைத் துடைத்துக் கருவியிற் செருகுவோம். இளையோர் கையிற் கொடுப்போம். ஆடப்படும்போதன்றோ விளையாட்டு வாழ்கிறது!