பாவமல்ல, கிருமி!

பிள்ளைக்குக் காது கேளாவிட்டால் பெற்றவளின் பாவம் என்று தூற்றுவோரை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் என்னும் கிருமி அதற்கொரு முக்கிய காரணம்.

உலகில் சுமார் 200 குழந்தைகளில் ஒன்று இக்கிருமியோடு பிறக்கிறது. அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குச் செவிட்டுத்தன்மை, மூளை வளர்ச்சிக் குறை போன்ற நீங்காத தீங்கு நேர்கிறது. பிறக்கும்போது பெரும்பாலானவற்றில் அடையாளமே தெரியாது.

பிறந்த 21 நாட்களுக்குள் எச்சிலையோ மூத்திரத்தையோ சோதிக்க வேண்டும். தவறினால் கருவில் வந்ததா, பின்னர் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் சோதிக்கிறது.

சிறுபிள்ளையின் எச்சிலைத் துடைத்தால் கையைக் கழுவு என்று கர்ப்பிணிக்குப் போதிப்பது நன்று. அது மட்டும் போதுமா? சோதனையும் வேண்டும். பால்மரம் வெட்டுவோர் பிள்ளைக்கும் அது உரிமை, பிச்சையன்று!