முதல் பாடம் சாக்ஸ்!

குட்டீஸ்... கூடைப்பந்து பயிற்சியின் முதல் நாளில் என்ன சொல்லித் தருவார்கள்? பந்தைத் தட்டவா, கூடைக்குள் போடவா?

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ஜான் வூடன், சாக்ஸ் போடக் கற்றுத் தந்தார்! எதிரே நின்றவர்களோ, பள்ளியிலேயே பேர் வாங்கிய ஆட்டக்காரர்கள்.

சிரிப்பு வருகிறதா? காரணம் இருக்கிறது. சாக்ஸில் சுருக்கம் இருந்தால், காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓட முடியாது. ஆட்டமே கெட்டுப் போகும். சின்ன விஷயத்தையும் சரியாகச் செய்ய வேண்டும் என நினைத்தவர் அவர். முன்பு, பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவராயிற்றே!

வூடன், 1948ல் அங்கே பணியில் சேர்ந்தார். முதல் தேசிய சாம்பியன் பட்டம் கிடைத்தது, 1964ல் தான்! அதன்பின், 1975ல் ஓய்வு பெறுவதற்குள், மொத்தம் 10 பட்டங்கள். இடையே, தொடர்ந்து 88 ஆட்டங்களில் வெற்றி!

எல்லாரும் அந்த 10 பட்டங்களைத் தான் பாராட்டுகின்றனர். என்னைக் கேட்டால், பட்டமே கிடைக்காத அந்த முதல் 15 ஆண்டுகளைத் தான் பாராட்டுவேன். முதலிடம் வராவிட்டாலும், அவர் சோர்ந்து விலகவில்லை. பல்கலைக்கழகமும் அவரை விரட்டவில்லை.

நாமோ, ஒரு போட்டியில் தோற்றாலே மைதானத்தை மறந்து விடுகிறோம். 'பரிசு வாங்காத விளையாட்டு எதற்கு?' என, வீட்டிலும் கேட்கின்றனர். இது சரியா?

அடுத்த முறை அப்படிக் கேட்டால், வூடன் கதையைச் சொல்லுங்கள். பின், சாக்ஸைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டு, மைதானத்துக்கு ஓடுங்கள்!