நேத்ராணிக்கும் வேண்டும் தனி நிதி

பெங்களூரிலிருந்து சுமார் 500 கி.மீ. பயணம் செய்து வார இறுதியில் முருடேஸ்வர் செல்வோர் அனைவரும் சிவாலயத்தை நாடிச் செல்பவர்கள் அல்லர். அங்கிருந்து படகேறி, நேத்ராணி தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் காண ஸ்கூபா முக்குளிப்புக்குச் செல்லும் இளைஞர்களும் கணிசமாக உள்ளனர். சில நிமிடக் கடலடிக் காட்சிக்காக அவர்கள் சில ஆயிரம் ரூபாய் செலவிடத் தயங்குவதில்லை.

உத்தர கன்னட மாவட்டக் கரையிலிருந்து ஏறத்தாழ 19 கி.மீ. தொலைவில் உள்ள இச்சிறு தீவு, கடற்கழுகுகள் கூடு கட்டும் இடம். கர்நாடகக் கடலில் பவளம் செழித்துள்ள இடங்கள் மிகச் சிலவே. அவற்றில் நேத்ராணி முதன்மையானது. நீண்டகாலம் கடற்படையின் குண்டுப் பயிற்சிக்கு இலக்காக இருந்த அத்தீவுக்கு இன்று வருவோர் சுற்றுலாப் பயணிகள். ஆனால், பவளத்தின் மீது விழும் நங்கூரமும், பயிற்சியற்றவரின் காலுதைப்பும் பல்லாண்டு வளர்ச்சியை நொடியில் சிதைத்துவிடும்.

எனவே, காண வருவோரே காக்கவும் பங்களிப்பது நியாயம். கரீபியக் கடலிலுள்ள போனேர் தீவு இதற்கு முன்னுதாரணம். அங்கு 1979-இல் தொடங்கப்பட்ட கடல் பூங்கா, நன்கொடைகள் தீர்ந்ததும் முடங்கியது. 1992-இல் முக்குளிப்போரிடம் ஆண்டுக்கு 10 டாலர் வசூலிக்கத் தொடங்கிய பிறகு அது மீண்டெழுந்தது. நங்கூரமிடுவதற்குப் பதிலாக, நிரந்தர மிதவைகளில் படகுகளைக் கட்டும் முறையும் அங்கு உள்ளது.

வழிகாட்டலுக்குக் கரீபியன் வரை செல்ல வேண்டியதும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-இல் செய்யப்பட்ட திருத்தம், புலிகள் காப்பகங்களுக்குத் தனி அறக்கட்டளை அமைக்க வகை செய்தது. பந்திப்பூரில் பயணிகள் செலுத்தும் கட்டணம் அக்காட்டுக்கே திரும்ப வழியிருக்கும்போது, கடலுக்கு மட்டும் ஏன் அந்த ஏற்பாடு கூடாது? வசூலாகும் தொகை அரசின் பொதுக் கணக்கில் கரைந்துவிட்டால் அது பாதுகாப்புக் கட்டணம் அல்ல; மற்றுமொரு வரியே.

அந்த நிதியை நிர்வகிக்கும் குழுவில் மீனவர்களுக்கும் இடம் வேண்டும். மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அதன் கட்டுப்பாடுகளால் கடற்பாசி சேகரிக்கும் பெண்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டதை மறந்துவிடலாகாது. பயணிகளுக்குத் திறந்த கடல், காலங்காலமாக அதை நம்பி வாழ்வோருக்கு மூடப்பட்டால் பாதுகாப்பு என்ற சொல்லே வெறுக்கப்படும்.

கட்டணம் எல்லாவற்றுக்கும் தீர்வாகிவிடாது. பருவமழை மாதங்களில் முக்குளிப்பு நின்றுவிடும். 2020-இல் கரோனா பொதுமுடக்கம் சுற்றுலாவையே நிறுத்தியது. எனவே, அரசின் நிதி ஒதுக்கீடு தொடர வேண்டும். கடல் வெப்பமடைவதால் பவளம் வெளிறுவதைக் கட்டணத்தால் தடுக்கவும் இயலாது. ஆனால், வெப்பத்தால் நலிந்த பவளம் மீள்வதற்கு, நங்கூரங்களின் தாக்குதலிலிருந்தாவது அதை விடுவிக்க முடியும்.

நாளொன்றுக்கு எத்தனை பேர் முக்குளிக்கலாம் என்ற வரம்பு, நிரந்தர மிதவைகள், ஆண்டுதோறும் பவளக் கணக்கெடுப்பு, பகிரங்கமான வரவு செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் உறுதி செய்துவிட்டுக் கட்டணம் கேட்டால், பெங்களூரு இளைஞர்கள் மறுக்க மாட்டார்கள். கர்நாடக அரசு அதற்கான முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும்.