தூங்கவிடாதவர் மேல் வழக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கல் முடிந்து சென்னை திரும்பிய ஆம்னி பஸ் ஒன்று உளுந்தூர்பேட்டை அருகே விடியற்காலையில் சென்டர் மீடியனில் ஏறிய செய்தியை நான்கு வரியில் வெளியிட்டிருந்தீர்கள். டிரைவர் தூங்கியதே காரணம், அவர் மீது வழக்குப் பதிவாகியுள்ளது என்று செய்தி முடிந்திருந்தது. அந்தப் பஸ்ஸில் நாகர்கோவிலில் ஏறியவர்களில் நானும் ஒருத்தி. உயிர்ச்சேதம் இல்லாததால் அதற்கு மேல் யாரும் எழுதவில்லை. முன் இருக்கையில் இருந்த கல்லூரிப் பையனுக்குக் கை முறிந்தது. டிரைவரின் கால் நசுங்கிவிட்டது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலியோடு வலியாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முந்தாநாள் ராத்திரி மெட்ராஸ்ல எடுத்தேம்மா. நேத்து காலைல நாகர்கோவில்ல கொண்டு நிறுத்துனேன். பார்சல் இறக்கி, வண்டி கழுவி முடிக்கயில மத்தியானம் ஆயிட்டு. மாத்து டிரைவரை ஸ்பெஷல் வண்டிக்கு அனுப்பிட்டாவ. சாயங்காலம் இதே வண்டிய நீயே எடுன்னுட்டாவ." எடுக்க முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுத்த ட்ரிப் கிடைக்காதும்மா" என்றார்.

மறுநாள் டிராவல்ஸ் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொன்றும் சொன்னார்கள்: "அந்த டிரைவரை வேலையை விட்டு நிறுத்தியாச்சு மேடம்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு இரவு தொடர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க வைத்துவிட்டு, கால் போன மனிதனை வேலையை விட்டும் துரத்தியதை என்னிடமே நற்செய்தி போலச் சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

இப்படி ஓட்ட வைப்பதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர வழித்தடத்துக்கும் பண்டிகைக் காலத்துக்கும் விலக்கு கொடுத்தபோதும், எந்த நிலையிலும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வண்டி எடுப்பதற்குள் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்றெல்லாம் அதில் இருந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 91-ஆம் பிரிவில் அதே வரம்பைத்தான் காட்டியது. பண்டிகை நெரிசலைக்கூட அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நடக்க வைக்க வேண்டிய அதிகாரி ஒருவர்கூட அன்று மாலை எங்கள் பஸ் பக்கம் வரவில்லை. கட்டணத்தைப் பார்க்கிறார்கள், பர்மிட்டைப் பார்க்கிறார்கள், வரி கட்டியாயிற்றா என்று பார்க்கிறார்கள். டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று மட்டும் எந்தச் சோதனையிலும் யாரும் கேட்பதில்லை.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி ஓய்வெடுங்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. விடிவதற்குள் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் கொண்டு விடாவிட்டால் ட்ரிப்பே கிடைக்காது என்கிற மனிதர், உள்ளே அத்தனை பயணிகளை வைத்துக்கொண்டு எங்கே ஓரங்கட்டுவார்? அந்தப் பிரசுரத்தை டிரைவர் கையில் கொடுத்தது தவறு, முதலாளி கையில் கொடுத்திருக்க வேண்டும்.

சில மாவட்டங்களில் நள்ளிரவுக்கு மேல் போலீசார் லாரி, பஸ்களை நிறுத்தி, டிரைவரை முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். பனியில் நின்று டீ ஊற்றும் காவலர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதையே அரசின் பதிலாக ஏற்க மாட்டேன். இரண்டு நாள் தூங்காத மூளையைத் தண்ணீர் எழுப்பி வைக்காது. டீயின் வேகம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியும்வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி அணைந்துவிடும், அது அந்த ஆளுக்கே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடி என்றால் 66 மீட்டர் தூரம் அந்த வண்டியை ஓட்டுவதற்கு ஆளே இல்லை.

குடித்துவிட்டு ஓட்டுவதோடு இதை ஒப்பிட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 'நேச்சர்' இதழில் எழுதியதை அவர்கள் படிக்கட்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ 0.10 சதவீதம். நம் நாட்டில் குற்றமாகும் அளவு 0.03. குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடிக்கக் கருவி இருக்கிறது, வழக்கு இருக்கிறது, சிறை இருக்கிறது. தூக்கத்துக்கு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டு விபத்து அறிக்கையில் ஒரு தலைப்புகூட இல்லை. அதிவேகம், மது, எதிர்த்திசை, சிவப்பு விளக்கு, செல்போன், அப்புறம் 'இதர'. 2022-இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் நம்முடையது: 64,105 விபத்துகள், 17,884 பேர் சாவு. இதில் எத்தனை பேரைத் தூக்கம் கொன்றது என்று கணக்கெடுக்கக்கூட அரசுக்கு மனமில்லை.

டிரைவர்களே கூடுதல் ட்ரிப் கேட்டு வாங்குகிறார்கள் என்பார்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்று வைத்தால் கேட்கத்தான் செய்வார்கள். மாதச் சம்பளம் கொடுத்துப் பார்க்கட்டும். மாற்று டிரைவர் போட்டால் கட்டணம் கூடும் என்பார்கள். பண்டிகை நாளில் இரு மடங்கு கொடுத்துத்தான் ஏறினேன், அந்தப் பணத்தில் இன்னொரு டிரைவர் எனக்கு வரவில்லை.

கண்காணிக்க வழியில்லை என்று சொல்வதை ஏற்கவே முடியாது. ஒரே பஸ் ஒரே நாளுக்குள் போய்த் திரும்பியதை ஒவ்வொரு சுங்கச்சாவடியின் பாஸ்டேக் கணக்கும் சொல்லும். அதை ஓட்டியவர் யார் என்று மட்டும் பதிவில்லை. ஐரோப்பாவில் கனரக வண்டிகளில் டிரைவர் தன் அட்டையைக் கருவியில் செருகித்தான் ஓட்ட வேண்டும். நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிட ஓய்வு எடுத்தாரா என்பதை அந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். விமானிகளுக்கு இருப்பது போல லாரி டிரைவர்களுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-லேயே சொன்னார். சொன்னதோடு சரி. நான் கேட்பது அதைவிட எளிது. அடுத்த பண்டிகைக்கு முன், பஸ் நிலையத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு இரவு வண்டிக்கும் இரண்டு டிரைவர்களின் பெயரும், அவர்கள் கடைசியாக வண்டியை விட்டு இறங்கிய நேரமும் எழுதி வாங்குங்கள். அந்த விவரம் இல்லாத வண்டியை வெளியே விடாதீர்கள்.

அந்த டிரைவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் பெயரில் மட்டும் வழக்கு இருக்கிறது. அன்று மாலை அவரை அந்த வண்டியில் ஏற்றியவரின் பெயரும் அதில் சேர வேண்டும். டிரைவர் என்னிடம் சொன்னதை எந்தக் காவல் நிலையத்திலும் வாக்குமூலமாகத் தரத் தயாராக இருக்கிறேன். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாசகி,
நாகர்கோவில்.