பெரிய எழுத்தில் நம் ஊர்ப்பெயர் ஏன் வருவதில்லை?

"தமிழ் எழுத்து கணினிக்கு இணங்காதது, அதன் வடிவங்கள் சிக்கலானவை" என்னும் கூற்று மொழியியல் துறைகளுக்குள்ளேயே உலவுகிறது. இதை மறுக்கவே இப்பதிவு. சிக்கல் நம் எழுத்தில் இல்லை. 'எழுத்து' என்றால் எது என மென்பொருள் வகுத்துக்கொண்ட வரையறையில் இருக்கிறது. அந்த வரையறையைத் திருத்தும் அறிவைப் பாடமாக நடத்திக்கொண்டே அதைப் பயன்படுத்தாமல் இருக்கும் நம்மிடமும் இருக்கிறது.

சான்றுக்கு மிகச் சிறிய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஃபிக்லெட். கிளென் சாப்பெல், இயன் சாய் ஆகியோர் 1991இல் தொடங்கிய பணி அது. ஒரு சொல்லைக் கொடுத்தால் சாய்கோடு, அடிக்கோடு, நிலைக்கோடு முதலிய சாதாரணக் குறிகளை அடுக்கி, அச்சொல்லை முனையத் திரையில் பதாகை போலப் பெரிதாக அச்சிடும். அதன் எழுத்துருக் கோப்பு வெறும் உரைக்கோப்பே. ஒவ்வொரு எழுத்துருவமும் ஒரே உயரமுள்ள சில வரிகளாக அதில் வரையப்பட்டிருக்கும். ஆஸ்கியின் 95 குறிகளும் ஜெர்மன் மொழிக்குரிய 7 எழுத்துகளுமாக 102 உருவங்கள் கட்டாயம். அதற்கு மேல் எந்த மொழியின் உருவத்தையும் ஒரு குறியெண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம். யுடிஎஃப்-8 உரையைப் படிக்கவும் வழியுண்டு. அதாவது, கதவு அடைக்கப்படவில்லை.

எனினும் அக்கதவின் வழியே தமிழ் நுழைய முடிவதில்லை. 'பிச்சாட்டூர்' என்னும் பெயரை இட்டுப் பார்ப்போம். ஆரணியாற்று நீர்த்தேக்கம் அமைந்த ஊர்; 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் இருப்பது; தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் எல்லைப் பகுதி. இப்பெயரில் எழுத்துகள் ஆறு: பி, ச், சா, ட், டூ, ர். ஒருங்குறியில் குறியெண்கள் பன்னிரண்டு. யுடிஎஃப்-8 சேமிப்பில் பைட்டுகள் முப்பத்தாறு.

ஃபிக்லெட் ஒரு குறியெண்ணுக்கு ஓர் உருவம் என எடுத்து, இடமிருந்து வலமாக அடுக்கிச் செல்லும். ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் உருவம் வரைந்து கொடுத்தாலும், ஐயத்துக்கு இடமின்றிச் சரியாக வருவது 'சா' ஒன்றே. 'ச்', 'ட்', 'ர்' மூன்றிலும் புள்ளி தலைமேல் ஏறாமல் பக்கத்தில் தனி உருவமாக நிற்கும். 'டூ' தனி வடிவம். டகரத்தையும் ஊகாரக் குறியையும் பக்கத்தில் வைத்தால் அது பிறக்காது. எல்லைக்கு இப்பாலுள்ள ஊத்துக்கோட்டையின் நிலை இன்னும் மோசம். 'கோ'வில் ஒரே குறியெண் மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். 'டை'யில் பின்னால் சேமிக்கப்பட்ட குறி முன்னால் வர வேண்டும். தெலுங்குக்கும் விலக்கில்லை. பிச்சாட்டூரைத் தெலுங்கில் எழுதினால் இரண்டாம் சகரம் முதற் சகரத்தின் அடியில் வத்தாக அமரும். இடவலமாக மட்டும் நகரும் நிரலுக்கு அந்த 'அடியில்' என்பதே புரியாது.

"இது விளையாட்டு நிரல்; இதற்கா இத்தனை பேச்சு?" என்பர் சிலர். விளையாட்டில் வெளிப்படும் பிழைதான் ஆய்விலும் ஒளிந்திருக்கிறது. பைத்தான் 3இல் இதே ஊர்ப்பெயரின் நீளத்தைக் கேட்டால் 12 என விடை வரும். ஆறாம் வகுப்பு மாணவர் 6 என்பார். மாணவர் சொல்வதே தமிழ் இலக்கணப்படி சரி. இந்தப் பன்னிரண்டை 'எழுத்து எண்ணிக்கை' என்று எடுத்துக்கொண்டு சொல் நீளம், எழுத்து நிகழ்வெண், நடையியல் அளவை ஆகியவற்றைக் கணக்கிடும் ஆய்வேடு எதை அளக்கிறது? தமிழை அன்று, சேமிப்பு முறையை. மேற்கோளும் அட்டவணையும் எத்தனை இருந்தாலும் அந்த முடிவு செல்லாது.

மறுதரப்பார், "ஒருங்குறியே பிழை, 'ஓரெழுத்துக்கு ஓரெண்' என்னும் டேஸ்-16 வந்திருந்தால் இத்தொல்லை இல்லை" என்பர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு டேஸ்-16ஐயும் தரமாக ஏற்றது உண்மை. அவர்கள் வாதத்தில் பாதி சரி. நிரலுக்குள் எழுத்தை எழுத்தாகவே கையாளும் முறை தேவை. ஃபிக்லெட் போன்ற நிரலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். மறுபாதி ஏற்கத்தக்கதன்று. உலகெங்கும் தமிழ் உரை ஒருங்குறியில் குவிந்துவிட்ட பின்பு, பரிமாற்றக் குறியேற்றத்தை மாற்றக் கோருவது செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவதற்கான சாக்கு.

இங்கே மொழியியலார் பேச வேண்டிய இடமொன்று உண்டு. தமிழ் இலக்கண மரபில் 'க்' முதலெழுத்து. அதனோடு அகரம் சேர்ந்து 'க' ஆகிறது. ஒருங்குறி, தனக்கு முந்தைய இஸ்கி தரத்தின் வழிநின்று, 'க'வை அடிப்படையாகக் கொள்கிறது. 'க்' எழுத இரண்டு குறியெண்கள் வேண்டும். இலக்கணத்தில் எளியது சேமிப்பில் கூட்டாகவும், இலக்கணத்தில் கூட்டு சேமிப்பில் எளியதாகவும் தலைகீழாகி இருக்கின்றன. இது பெருங்குற்றம் அன்று. இரண்டும் வெவ்வேறு பகுப்பு முறைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் விதிகளை எழுதுவது கணினிப் பொறியியலார் மட்டும் செய்யும் வேலையா? உயிர்மெய்ப் புணர்ச்சியைக் கரும்பலகையில் விளக்கும் எவருக்கும் அவ்விதிகள் தெரியும்.

வழியும் அரியதன்று. உரையை முதலில் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நூலகத்தில் அதற்கான செயற்கூறு ஏற்கனவே இருக்கிறது. பிரித்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணுக்கு எழுத்துருக் கோப்பில் ஓர் உருவம் வரைந்தால் ஃபிக்லெட்டின் மூல நிரலில் ஒரு வரியையும் மாற்றாமலே தமிழ்ப் பதாகை அச்சாகும். 247 எழுத்துகள், சில கிரந்த எழுத்துகள், புள்ளிக்கு மேலிடமும் உகரக் கீழ்வளைவுக்குக் கீழிடமும் விட்ட உயரம், இவ்வளவே. ஒரு முதுகலை மாணவரின் ஒரு பருவப் பணி.

அப்பணியை ஏற்கத்தான் நம் துறைகளில் இடமில்லை. 'கணினித் தமிழ்' தாளில் விசைப்பலகைப் பயிற்சி இருக்கிறது. எழுத்துப் பகுப்பு இல்லை. கருத்தரங்கக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. ஆயிரம் பேர் பயன்படுத்தும் எழுத்துருக் கோப்புக்கு இல்லை. விளைவு, முதல் நிரலில் தன் பெயரைப் பெரிதாகக் காண விரும்பும் மாணவர் அதை உரோமன் எழுத்தில் இடுகிறார். தன் எழுத்து கணினிக்கு அயல் என்பதே அவர் கற்கும் முதற்பாடம் ஆகிறது.

'பெரிய எழுத்து' என்று அட்டையில் அச்சிட்டுக் கதைப்பாடல்களை விற்ற பதிப்பு மரபு நமக்கு உண்டு. எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் கண் மங்கிய முதியோரையும் வாசகராக மதித்த மரபு அது. ஈயத்தில் அதைச் செய்தவர்களுக்குத் தமிழ் வடிவங்கள் சிக்கலாகத் தோன்றவில்லை. தேவையான அச்சுகளை வார்த்துக்கொண்டார்கள். நாம் வார்க்க வேண்டியது ஓர் உரைக்கோப்பு. வரும் பருவத்தில் ஏதேனும் ஒரு துறை இதை ஆய்வுத்திட்டமாக ஏற்கட்டும். அதற்குப் பின்னும் பிச்சாட்டூர் பெரிய எழுத்தில் வரவில்லையென்றால், தமிழ் எழுத்து சிக்கலானது என்று பேசலாம்.