நாரைக்கு ஒரு மரம்

ஒருவரால் தாங்க இயலாத சுமையைப் பலர் கூடினால் எளிதில் தாங்கலாம் என்பது கூட்டுறவின் முதற்பாடம். நூல் வாங்குவதிலும், உரம் பெறுவதிலும், விளைபொருளை விற்பதிலும் அப்பாடத்தை நம் அங்கத்தினர் நன்கு கற்றிருக்கின்றனர். பறவைகளைக் காக்கும் பணிக்கும் அது பொருந்தும் என்பதே நமது கருத்து.

நெல்லைக்குத் தெற்கே, நாங்குநேரி வட்டத்தில், கூந்தங்குளம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் குளம் 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், சட்டம் வருமுன்னரே ஊரார் பறவைகளைக் காத்து வந்தனர். மஞ்சள் அலகும், மார்பிற் கருவரியும், வாலருகே இளஞ்சிவப்பும் கொண்ட சங்குவளை நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி, வீட்டோரத்து மரங்களிலும் அங்கே கூடு கட்டுகின்றன. அவை வெருளாதிருக்க ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கோடையில் நீர் வற்றியதும், எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலுக்கு எருவாக இடுகின்றனர். பறவைக்கு அடைக்கலம், பயிருக்கு உரம்: இதனினும் நேர்மையான கொடுக்கல் வாங்கல் எந்தப் பேரேட்டில் உண்டு?

சங்குவளை நாரை, அழிவின் விளிம்பை நெருங்கிய இனமென உலகப் பட்டியலில் நெடுங்காலம் குறிக்கப்பட்டிருந்தது. ஆழமற்ற நீரில் அலகைச் சற்றே திறந்தபடி நடந்து, அதில் படும் மீனைப் பற்றி உண்பது அதன் இயல்பு. நீர் ஆழமானாலும் இரையில்லை. முற்றும் வற்றினாலும் இரையில்லை. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமும் செல்லும். அதற்குள் மரம் வெட்டுண்டால், அதிலுள்ள அவ்வாண்டின் சந்ததி முழுவதும் மடியும்.

"எம் மரத்தில் கூடு கட்டினால் புளி போகிறது, முற்றமெல்லாம் எச்சமும் மீன் நாற்றமும். இந்நஷ்டத்தை யார் ஈடு செய்வார்?" என்று விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வியே. நன்மை ஊருக்கும், நஷ்டம் ஒருவருக்கும் என்றால் அந்த ஏற்பாடு நீடிக்காது. கருநாடகத்து மண்டியா மாவட்டத்தில் கொக்கரே பெள்ளூர் என்ற ஊரில் இந்நாரைகளும் கூழைக்கடாக்களும் புளிய மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே மரத்துக்குரியவர்களுக்கு வனத்துறை இழப்பீடு வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

நெசவாளர் அறிய வேண்டிய செய்தி அஸ்ஸாமிலிருந்து வருகிறது. "ஹர்கிலா" என்னும் பெருநாரையை அபசகுனமென்று வெறுத்து, கூடுள்ள மரங்களை அங்கே வெட்டி வந்தனர். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியல் அறிஞர் காமரூப மாவட்டத்துப் பெண்களைத் திரட்டினார். தறிகளைப் பெற்ற அப்பெண்கள் சேலையிலும் துண்டிலும் ஹர்கிலாவின் உருவை நெய்து விற்கின்றனர். 2010-இல் தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய ஊர்களில் 28-ஆக இருந்த கூடுகள் பின்னர் 250-க்கு மேல் பெருகின. 2023-இல் இவ்வினத்தின் அபாயநிலையும் தணிந்ததாக அறிவிக்கப்பட்டது. வெறுத்த பறவை வருமானத்துக்கு வழியானதும் மரம் தப்பியது.

நம் ஓட்டப்பிடாரம் வட்டம் கரிசல் பூமி. மழையை நம்பிய கண்மாய்கள் இங்குள்ளவை. கண்மாயைத் தூர் வாருவது அவசியமே. ஆனால் கூடுள்ள கருவேல மரத்தையும் சீமைக் கருவேலோடு சேர்த்து அழிப்பது அவசியமன்று. மரம் வெட்டும் ஏலத்தைக் குஞ்சுகள் பறந்த பின்னர் வைக்கலாம். மண்ணை அள்ளுகையில் நடுவே மேடு விட்டு நாட்டுக் கருவேலங் கன்று வைக்கலாம். கூடு தாங்கும் மரத்துக்குரியவருக்கு, துணைவிதிகள் இடந்தருமாயின், சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து சிறு தொகை வழங்கலாம். ஓர் அங்கத்தினருக்குப் பெருநஷ்டமாகத் தோன்றுவது, சங்கம் முழுவதும் பகிர்ந்தால் ஆளுக்குச் சில காசுகளே. ஆயத்த ஆடைக்குப் பெயர் பெற்ற புதியம்புத்தூர் நம் வட்டத்திலேயே உளது. நாரை உருவம் பொறித்த துணி நமக்கு இயலாததன்று.

பலரிடம் பங்கு சேர்த்து 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரனார் பிறந்த மண் இது. கப்பலுக்குப் பங்கு சேர்த்த மண்ணில், ஒரு மரத்துக்குப் பங்கு சேர்ப்பது அரிய காரியமா? வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் இதனையும் ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.