எந்தத் தெரு என்று கேட்கும் சான்றிதழ்

வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்க, குற்றப் பின்னணி இல்லையென்ற சான்று வேண்டும். பாஸ்போர்ட் சேவா மையத்தில் நானும் என் தெருத் தோழரும் விண்ணப்பித்தோம். விசாரிக்க வந்த காவலரின் முதல் கேள்வி: "எந்தத் தெரு?"

எனக்குச் சான்று கிடைத்தது. என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தும் தோழருக்குக் கிடைக்கவில்லை. சுடுகாட்டுப் பாதை கேட்டு மறியலில் உட்கார்ந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பாதையை மறித்தவர்களோடு அதிகாரிகள் நடத்தியது சமாதானக் கூட்டம். அவர்கள் மீது வழக்கில்லை, அவர்கள் 'நல்லவர்கள்'.

குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர் வகுப்பறைக்குள் வரக்கூடாது என்பது நியாயம். ஆனால் நம் சான்றிதழ் சொல்வது 'பாதகமான தகவல் இல்லை' என்று. தண்டனை தருவது நீதிமன்றம். தகவல் எழுதுவது காவல் நிலையம்.

இது பழைய நோய். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். சட்டம் 1952இல் ஒழிந்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கலத்தை நீக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2024 அக்டோபரில்தான்!

19ஆம் நூற்றாண்டில் இதே காரைக்கால் துறைமுகத்திலிருந்து ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாக மக்களைக் கப்பலேற்றினார்கள். கூலிக்குக் கைவலு போதும். ஆசிரியராகப் போனால்தான் தெருப்பெயர் உறுத்துகிறது.

சான்றிதழில் தீர்ப்புகள் மட்டும் இருக்கட்டும். உரிமைப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுங்கள். சுடுகாட்டுக்கு வழி கேட்டது குற்றமென்றால், அந்தப் பின்னணி எனக்கும் உண்டு.